டிராவல் டிரெய்லர் டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும்?

டிராவல் டிரெய்லரின் டயருக்குக் காற்றுப் பிடிக்க முதன்முறையாகக் குனிகிறவரின் கண்ணில் இரண்டு எண்கள் படும். ஒன்று, டிரெய்லரின் இடப்புற வெளிச்சுவரில் முன்பாதியில் ஒட்டப்பட்டிருக்கும் தகவல் வில்லையில் அச்சிடப்பட்டது. மற்றொன்று, டயரின் பக்கச்சுவரிலேயே புடைப்பெழுத்தில் பதிந்திருப்பது. சில வண்டிகளில் இவ்விரண்டும் ஒன்றாகவே இருக்கும், சிலவற்றில் வேறுபடும். கார் ஓட்டிப் பழகியவருக்கு இவற்றோடு மூன்றாவது எண்ணும் மனத்தில் இருக்கும்: 32 அல்லது 35 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்தில் இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அலகு). அந்த மூன்றாவது எண்ணை உடனே மறந்துவிட வேண்டும். டிரெய்லர் டயர்கள் 50, 65, 80 பி.எஸ்.ஐ. அளவில் வேலை செய்பவை. காருக்குரிய அழுத்தத்தில், நிறை பாரத்தோடு, கோடை வெயிலில் நெடுஞ்சாலையில் இழுத்துச் சென்றால் அவற்றில் ஒன்று வழியிலேயே கிழிந்துபோகக்கூடும்.

பிக்கப் டிரக் போன்ற வண்டியின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லப்படும் வீடுதான் டிராவல் டிரெய்லர். அமெரிக்காவிலும் கனடாவிலும் கோடை விடுமுறையில் இவற்றைச் சாலையெங்கும் காணலாம். கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, குளியலறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இதற்குள் அடக்கம். ஓடும்போது உள்ளே ஆள் இருப்பதில்லை. டயர் அழுத்தத்தைப் பற்றிப் பேசும்போது இது முக்கியமான செய்தி. ஏனென்பதைக் கீழே பார்ப்போம்.

எடையைச் சுமப்பது எது?

டயர்தான் எடையைச் சுமக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் சுமப்பது அதற்குள் அடைபட்டிருக்கும் காற்று. ரப்பரும் நூலிழைகளும் எஃகுக் கம்பிகளும் சேர்ந்த டயர், அந்தக் காற்றைச் சிதறாமல் பிடித்துவைக்கும் உறை மட்டுமே. இதை மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும்.

டிரெய்லர் டயரின் பக்கச்சுவரில் எஸ்.டி. என்ற எழுத்துகளில் தொடங்கும் அளவுக் குறியீடு இருக்கும். டிரெய்லருக்கென்றே செய்யப்பட்ட டயர் என்பது அதன் பொருள். அதே சுவரில் டயரின் பாரத் தரத்தை, அதாவது எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைக் குறிக்கும் எழுத்து ஒன்றும் இருக்கும். சி என்றால் பொதுவாக 50 பி.எஸ்.ஐ. வரையிலும், டி என்றால் 65 வரையிலும், இ என்றால் 80 வரையிலும் காற்றைத் தாங்கும் கட்டமைப்பு என்று பொருள். கனடாவில் இருப்பவர்களின் வில்லையில் இதே அளவுகள் கிலோபாஸ்கலிலும் இருக்கும், 50 பி.எஸ்.ஐ. என்பது ஏறத்தாழ 345 கிலோபாஸ்கல்.

பரவலாகப் புழங்கும் ஓர் அளவை எடுத்துக்கொள்வோம்: எஸ்.டி.205/75ஆர்14 (14 அங்குல ரிம்முக்கானது), பாரத் தரம் சி. இந்த டயர் 50 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் 1,760 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 798 கிலோ சுமக்கும். ஓர் ஆக்சிலில் (இருபக்கச் சக்கரங்களையும் தாங்கும் அச்சில்) இரண்டு டயர்கள் என்பதால் மொத்தம் 3,520 பவுண்டு. நடுத்தர அளவுள்ள டிரெய்லர்கள் பலவற்றில் ஆக்சிலின் அனுமதிக்கப்பட்ட எடை 3,500 பவுண்டு. ஆக, இந்த டயர்களோடு வந்த வண்டியில், குறிப்பிட்ட அழுத்தம் இம்மி பிசகாமல் இருக்கும்போதே, கையிருப்பு வெறும் 20 பவுண்டுதான். இப்போது அந்த டயர்களில் காற்று 40 பி.எஸ்.ஐ.க்கு இறங்கிவிட்டதாகக் கொள்வோம். டயர் நிறுவனங்கள் வெளியிடும் பார அட்டவணையின்படி 40 பி.எஸ்.ஐ.யில் அதே டயர் சுமக்கக்கூடியது 1,530 பவுண்டு. இரண்டும் சேர்ந்து 3,060. ஆக்சில் முழு பாரத்தில் இருந்தால் 440 பவுண்டு அதிகப்படியாகத் தொங்குகிறது. பார்வைக்கு டயர் நன்றாகவே தெரியும். சப்பையாகிவிட்டதாக யாருக்கும் தோன்றாது. கண்ணால் பார்த்தோ காலால் உதைத்தோ டிரெய்லர் டயரைச் சோதிக்க முடியாது என்று சொல்வது இதனால்தான்.

இவ்வளவு குறுகிய கையிருப்பு போதாது என்பதைத் தொழில்துறையே உணர்ந்திருக்கிறது. ஆர்.வி. எனப்படும் இத்தகைய வீட்டு வண்டிகளைச் செய்யும் அமெரிக்கத் தயாரிப்பாளர்களின் கூட்டமைப்பான ஆர்.வி.ஐ.ஏ., ஆக்சிலின் அனுமதி எடையைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாகச் சுமக்கும் டயர்களையே பொருத்த வேண்டும் என்று தன் உறுப்பினர்களுக்கு 2017 முதல் விதித்திருக்கிறது. அதற்கு முன் செய்யப்பட்ட டிரெய்லரைப் பழையதாக வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்ப்பது நல்லது.

பலர் தவறவிடும் ஒரு நுட்பம் இங்கே இருக்கிறது. கையிருப்பு போதவில்லை என்று சி தர டயரைக் கழற்றிவிட்டு அதே அளவில் டி தர டயரைப் போடுகிறார்கள். டி தர டயர் 65 பி.எஸ்.ஐ.யில் 2,040 பவுண்டு சுமக்கும். மிக நல்ல முன்னேற்றம். ஆனால் பழைய வழக்கப்படி 50 பி.எஸ்.ஐ.யிலேயே அதை நிரப்பினால், அது சுமப்பதும் அதே 1,760 பவுண்டுதான். உறை தடித்திருக்கிறதே தவிர உள்ளே இருக்கும் காற்று கூடவில்லை. கொடுத்த விலையின் பயன் காற்றை ஏற்றும்போதுதான் கைக்கு வரும்.

சூடுதான் எதிரி

காற்றுக் குறைந்த டயர் ஏன் கெடுகிறது? ஒவ்வொரு சுற்றிலும் டயரின் அடிப்பகுதி தரையில் அமுங்கி, மேலே வரும்போது மீண்டும் நிமிர்கிறது. இரும்புக் கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் அந்த இடம் சுடுவதைப்போல, பக்கச்சுவர் வளைந்து நிமிரும் ஒவ்வொரு முறையும் சிறிது வெப்பம் பிறக்கிறது. காற்றுக் குறையக் குறைய வளைவு கூடுகிறது. வேகம் கூடக் கூட வளைவுகளின் எண்ணிக்கை கூடுகிறது. பாரம் கூடினாலும் வளைவு கூடுகிறது. ரப்பர் வெப்பத்தை எளிதில் வெளியே விடுவதில்லை. உள்ளே சூடு சேரச் சேர, எஃகுப் பட்டைகளுக்கும் ரப்பருக்கும் இடையிலுள்ள பிடிப்பு தளர்கிறது. கடைசியில் ஒருநாள் மேல்தோல் அப்படியே உரிந்து வருகிறது. அந்த ஒருநாளில் அழுத்தம் சரியாகவே இருந்திருக்கலாம். கெடுதல் நடந்தது முந்தைய பயணங்களில். டயர் காரணமில்லாமல் வெடித்துவிட்டது என்று சொல்லப்படுபவற்றில் பலவற்றுக்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும் என்பது என் கணிப்பு.

அழுத்தமும் வெப்பமும் சேர்ந்து என்ன செய்யும் என்பதை அமெரிக்கா ஒருமுறை கொடுமையாகவே கற்றுக்கொண்டது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பொருத்தப்பட்ட ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேல்தோல் பிரிந்து வண்டிகள் கவிழ்ந்ததில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2000 ஆகஸ்டில் ஏறத்தாழ 65 இலட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. டயரின் தயாரிப்பே குறை என்றது ஒரு தரப்பு. வண்டியின் வடிவமைப்பும், அதற்குப் பரிந்துரைக்கப்பட்ட 26 பி.எஸ்.ஐ. என்ற தாழ்ந்த அழுத்தமும் குறை என்றது மறுதரப்பு. அந்த ஆண்டே டயர் பாதுகாப்புக்கான டிரெட் சட்டம் வந்தது. அதன் விளைவாக, 2007 செப்டம்பர் முதல் அமெரிக்காவில் விற்கப்படும் எல்லாப் புதுக் கார்களிலும் அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு கட்டாயமாயிற்று. இழுக்கும் வண்டிக்கு அந்தக் காவல் உண்டு. பின்னால் வரும் டிரெய்லருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதிலும் இரட்டை ஆக்சில் டிரெய்லரில் ஒரு டயர் போய்விட்டால் ஓட்டுநருக்கு உடனே தெரியாமலே போகலாம். பக்கத்திலுள்ள டயர் அதன் பாரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடும். கிழிந்த ரப்பர் சுழன்று அடித்து, சக்கரக் கூட்டின் மேலுள்ள தரையையும் குழாய்களையும் மின்கம்பிகளையும் பிய்த்துவிடும். டயரின் விலையைவிட அந்தச் செலவு பன்மடங்கு.

அப்படியானால் எந்த எண்?

காரில் பக்கச்சுவரிலுள்ள எண்ணைப் பின்பற்றக் கூடாது, கதவோரத்து வில்லையைத்தான் பின்பற்ற வேண்டும் என்பது எல்லோரும் சொல்லும் சரியான அறிவுரை. காரின் டயர் தன் முழுத் திறனுக்கு அருகே பாரம் சுமப்பதில்லை. பிடிமானம், பிரேக், பயணிகளின் வசதி ஆகியவற்றையெல்லாம் எடைபோட்டு, தயாரிப்பாளர் ஓர் அழுத்தத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். டிரெய்லரில் நிலைமை வேறு. பெரும்பாலான டிரெய்லர் டயர்கள் தம் திறனின் விளிம்புக்கு அருகிலேயே வேலை செய்கின்றன. உள்ளே ஆள் இல்லை என்பதால் குலுங்கல் பெரிய குறையன்று. எனவே எஸ்.டி. டயரைப் பொறுத்தவரை, வேறு தகுந்த காரணம் இல்லாதபோது பக்கச்சுவரில் உள்ள அழுத்தத்துக்கே நிரப்புங்கள் என்று டயர் நிறுவனங்களே பரிந்துரைக்கின்றன. எடை போட்டுப் பார்க்காத ஒருவருக்கு நானும் அதையே சொல்வேன். வில்லையில் உள்ள எண்ணைக் கீழ் எல்லையாகவும், பக்கச்சுவரில் உள்ள எண்ணை மேல் எல்லையாகவும் கொள்ளலாம். சந்தேகம் வந்தால் மேல் எல்லையை ஒட்டியே நிற்க வேண்டும்.

இரட்டை ஆக்சிலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. முன்பின்னாக நிற்கும் இரண்டு ஆக்சில்களும் திரும்பும் தன்மையற்றவை. கூர்மையாகத் திரும்பும்போது, குறிப்பாக முகாம் இடத்தில் பின்னோக்கிச் செலுத்தி நிறுத்தும்போது, டயர்கள் உருளாமல் பக்கவாட்டில் இழுபடுகின்றன. பின்னால் நின்று பார்த்தால் டயர்கள் பயமுறுத்தும் வகையில் கோணிக்கொள்வது தெரியும். அந்த இழுவை, உள்ளேயுள்ள எஃகுப் பட்டைகளை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரிக்கப் பார்க்கிறது. காற்று இறுக்கமாக இருந்தால் கோணல் குறையும். பாரத்தைச் சுமக்க மட்டும் போதுமான காற்று இந்த இழுவையைத் தாங்கப் போதாமல் இருக்கலாம். அட்டவணையில் பாரத்துக்கு நேரே உள்ள மிகக் குறைந்த எண்ணில் நிறுத்திக்கொள்ள வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

அதற்காக எப்போதும் மேல் எல்லைதான் என்றும் இல்லை. கையிருப்பு மிகுதியாக உள்ள டிரெய்லர்களும் உண்டு. உதாரணமாக, இலேசான டிரெய்லர் ஒன்றில் யாரோ இ தரத்து எஸ்.டி.225/75ஆர்15 டயர்களைப் போட்டிருக்கிறார்கள் என்றால், 80 பி.எஸ்.ஐ.யில் ஒவ்வொன்றும் 2,830 பவுண்டு சுமக்க வல்லது. ஆனால் உண்மையில் அதன் மேல் 1,500 பவுண்டுதான் இருக்கிறது. அங்கே 80 பி.எஸ்.ஐ. நிரப்பினால் டயர் கல்லாக இறுகி, தரையைத் தொடும் பரப்பு சுருங்கி, நடுப்பகுதி மட்டும் தேயும். ஒவ்வொரு குலுங்கலும் நேராக வண்டியின் உடலுக்குப் போய், அலமாரிகளின் திருகுகளையும் இணைப்புகளையும் தளர்த்தும். இத்தகைய வண்டிக்கு 65-ஐ ஒட்டிய அழுத்தம் பொருத்தமாக இருக்கலாம். ஆனால் அப்படிக் குறைப்பதற்கான உரிமை எடை போட்டவருக்கு மட்டுமே உண்டு.

எடை போடுவது எப்படி

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் லாரிகள் நிற்கும் பெரிய எரிபொருள் நிலையங்கள் பலவற்றில் எடைமேடை இருக்கும். அதில் தனித்தனி மேடைகள் உண்டு என்பதால், பிக்கப் டிரக்கின் முன் ஆக்சில் ஒன்றிலும், பின் ஆக்சில் இன்னொன்றிலும், டிரெய்லரின் ஆக்சில்கள் மூன்றாவதிலும் நிற்குமாறு வண்டியை நிறுத்தினால் மூன்று எடைகளும் ஒரே சீட்டில் கிடைத்துவிடும். முகாமுக்குப் போகும்போது எப்படிப் போவீர்களோ அப்படியே ஏற்றிக்கொண்டு போக வேண்டும்: பாத்திரம், உடை, சைக்கிள், எரிவாயு உருளை, தண்ணீர் எல்லாம். தண்ணீரை அசட்டை செய்யக் கூடாது. அமெரிக்க கேலன் ஒன்றுக்கு 8.3 பவுண்டு வீதம், 40 கேலன் தொட்டி நிரம்பினால் 330 பவுண்டுக்கு மேல், அதாவது 150 கிலோ கூடிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரட்டை ஆக்சில் டிரெய்லர் ஒன்றின் மொத்த எடை 6,800 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். அதில் பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை கொக்கியின் வழியாக இழுக்கும் வண்டியின் மேல் இறங்கும். 850 பவுண்டு அப்படிப் போனால் டிரெய்லரின் ஆக்சில்கள் மேல் மிஞ்சுவது 5,950. நான்கு டயர்களுக்கும் சமமாகப் பிரித்தால் ஒன்றுக்கு ஏறத்தாழ 1,490 பவுண்டு. ஆனால் வாழ்க்கைப் பொருள்கள் சமமாகப் பிரிவதில்லை. குளிர்பெட்டியும் அடுப்பும் ஒரு பக்கம் இருக்கும். வண்டியை நிறுத்தியபின் வெளியே நீட்டிக்கொள்ளும் அறை ஒரு பக்கம் இருக்கும். தண்ணீர்த் தொட்டி முன்னாலோ பின்னாலோ இருக்கும். ஆகவே ஏதோ ஒரு டயரின் மேல் 1,600 பவுண்டு அல்லது அதற்கும் மேல் இருக்கக்கூடும் என்று கருதிக்கொள்வது பாதுகாப்பானது. சக்கரம் சக்கரமாக எடை போடும் வசதி கிடைத்தால் ஊகத்துக்கு இடமிராது.

நாம் மேலே பார்த்த 14 அங்குல டயருக்கு அட்டவணையில் 1,600 பவுண்டு என்பது 45 பி.எஸ்.ஐ. வரிசைக்குள் அடங்கும். சி தர டயரானால் 50 நிரப்ப வேண்டியதுதான். அதற்குமேல் போக இடமில்லை. டி தர டயரானால் 45 முதல் 65 வரை இடைவெளி இருக்கிறது. நான் 60-க்குக் கீழே இறங்கமாட்டேன். எந்த அழுத்தத்தைத் தேர்ந்தாலும் ஒரே ஆக்சிலின் இரு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும்; அதிக பாரமுள்ள டயரை வைத்தே அந்த அளவை முடிவு செய்ய வேண்டும்.

குளிர்ந்த நிலையில் அளப்பது

எல்லா எண்களும் டயர் குளிர்ந்திருக்கும்போது உள்ள அழுத்தத்தைக் குறிப்பவை. குளிர்ந்த நிலை என்றால் குளிர்காலம் என்று பொருளன்று. வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும், டயர் மேல் வெயில் விழுந்திருக்கக் கூடாது. கிளம்பும் நாளின் விடியற்காலையே சிறந்த வேளை. ஓடத் தொடங்கியபின் அழுத்தம் 10 முதல் 20 சதவீதம் வரை ஏறுவது இயல்பு. 65 பி.எஸ்.ஐ. நிரப்பிய டயர் மதியத்தில் 74 காட்டினால் அஞ்ச வேண்டாம். அந்த ஏற்றத்தையும் சேர்த்தே டயர் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. சூடான டயரிலிருந்து காற்றை இறக்கிவிடுவது மிகத் தவறான செயல். மாலையில் குளிர்ந்ததும் அந்த டயர் குறைந்த அழுத்தத்தில் நிற்கும். மறுநாள் முன்னைவிட அதிகமாக வளைந்து அதிகமாகச் சூடேறும்.

வானிலையும் உயரமும் எண்ணை மாற்றும். அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் கோடைக்கால விடியலில் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 65 பி.எஸ்.ஐ. நிரப்பிக்கொண்டு, வடக்கே மலைமேல் உள்ள ஃபிளாக்ஸ்டாஃப் நகருக்குப் போய்த் தங்குகிறோம். ஃபிளாக்ஸ்டாஃப் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,900 அடி உயரத்தில் இருக்கிறது. மறுநாள் விடியலில் அங்கே 10 டிகிரி. இருபது டிகிரி குறைந்ததால் மட்டும் ஏறத்தாழ 5 பி.எஸ்.ஐ. இறங்கும். ஆனால் மலைமேல் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் அளவி இரண்டரை பி.எஸ்.ஐ. கூட்டிக் காட்டும். முடிவில் நாம் காண்பது 62.5-க்கு அருகில். அங்கிருந்து மேலும் பயணப்படுவதானால் 65-க்கு ஏற்றிக்கொள்ள வேண்டும். திரும்பி வெப்பத்துக்கு இறங்கியபின் ஃபீனிக்ஸில் குளிர்ந்த நிலையில் அளந்து பார்த்து, மிகுதியாக இருந்தால் அப்போது இறக்கிக்கொள்ளலாம்.

கருவிகளைப் பற்றிச் சில சொற்கள். 100 பி.எஸ்.ஐ. வரை அளக்கும் நல்ல அளவி வேண்டும். எரிபொருள் நிலையத்தின் காற்றுக் குழாயில் 65 அல்லது 80 வரை ஏறும் என்று எப்போதும் நம்ப முடியாது என்பதால், 12 வோல்ட்டில் இயங்கும் சிறு கம்பிரசர் ஒன்றையும் வைத்துக்கொள்வது நல்லது. வால்வுகளில் திருகிப் பொருத்தும் அழுத்தக் கண்காணிப்புக் கருவியும் வாங்கத் தக்கதே. காரின் விளக்கு 25 சதவீதம் குறைந்தபின்தான் எரியும். டிரெய்லருக்கு அது மிகத் தாமதம். 10 சதவீதம் குறைந்தவுடனேயே ஒலிக்குமாறு எச்சரிக்கையை அமைத்துக்கொள்ள வேண்டும். நான்கு டயர்களில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகச் சூடேறினால், எச்சரிக்கை ஒலிக்காவிட்டாலும் ஓரங்கட்டிப் பார்க்க வேண்டும். அங்கே குறை டயரில் இல்லாமல் பிரேக்கிலோ பேரிங்கிலோகூட இருக்கலாம்.

உயர்ந்த தரத்து டயருக்கு மாறுகிறவர்கள் ரிம்மையும் வால்வையும் மறந்துவிடுகிறார்கள். ரிம்முக்கும் தனியே அழுத்த வரம்பும் பார வரம்பும் உண்டு. கார்களில் காணப்படும் சாதாரண ரப்பர் வால்வு 65 பி.எஸ்.ஐ. வரைக்குமானது, 80 நிரப்பும் சக்கரத்தில் உயர் அழுத்தத்துக்கான வால்வையோ, திருகி இறுக்கும் உலோக வால்வையோதான் போட வேண்டும். வேகத்தையும் காற்றால் ஈடுகட்ட முடியாது. எஸ்.டி. டயரில் வேகக் குறியீடு இல்லாவிட்டால் அதன் உச்ச வேகம் மணிக்கு 65 மைல், அதாவது ஏறத்தாழ 105 கிலோமீட்டர். எல் என்றிருந்தால் 75 மைல், எம் என்றிருந்தால் 81 மைல்.

பின்பக்கத்து பம்பரிலோ வண்டியின் அடியிலோ தொங்கும் ஸ்டெப்னியையும் அதே விடியற்காலையில் அளந்துவிடுங்கள். சும்மா இருக்கும் டயரிலும் மாதம் ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. காற்று தானாகவே குறையும். அதைப் பக்கச்சுவரில் உள்ள முழு அழுத்தத்துக்கு நிரப்பி வைத்தால், எந்த இடத்தில் மாட்ட நேர்ந்தாலும் தேவையான அளவுக்கு இறக்கிக்கொள்வது எளிது. நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றுகொண்டு 30-லிருந்து 65-க்கு ஏற்றுவது எளிதன்று.